ரெண்டு சர்வர் இருந்தும் ஏலச்சீட்டு குழம்பிவிட்டது: இரட்டிக்க வேண்டியது பிராசஸரையா, பிராசஸையா?

தெற்குவாடிக் கணக்கு, பாம்பன் (மார்ச் 29)

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படித்து யாராவது வழி சொல்லுங்கள்.

பாம்பனில் ஒரு மீன் ஏலக்கூடத்தில் கணக்கு பார்க்கிறேன். கம்ப்யூட்டரும் என் பொறுப்புதான். விடியற்காலை நாலு மணிக்குப் படகுகள் வர ஆரம்பித்தால் எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். தராசில் கூடை ஏறும், எடை நேராக சர்வருக்குப் போகும், ஏலம் படிந்த விலையை டேப்லெட்டில் அடிப்போம். படகுக்காரருக்கு ஒரு சீட்டு, வியாபாரிக்கு ஒரு சீட்டு. அதை வைத்துத்தான் சாயந்திரம் பணப் பட்டுவாடா. டீசல் காசு, ஐஸ் காசு, ஆட்களின் பங்கு எல்லாம் அதிலிருந்துதான் பிரியும். ஒரு சீட்டு தப்பானால் ஏழெட்டு வீட்டில் அன்றைய செலவுக்குக் கை கட்டிப்போகும்.

போன வருசம் வரை ஒரே சர்வர். உப்புக்காற்றில் அது அடிக்கடி நின்றுபோனதால் இன்னொன்று வாங்கி, ஒன்றின் டேட்டாபேஸ் மற்றதில் உடனுக்குடன் நகலாகும்படி வைத்தேன். முதல் மெஷின் பத்து விநாடி பதில் தராவிட்டால் இரண்டாவது தானே பொறுப்பெடுக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட்டும் எழுதினேன். நாலு மாதம் நன்றாகத்தான் ஓடியது.

இந்த மாதம் ஒரு நாள் காலை 5.20க்கு கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. ரெண்டு சர்வரும் யூபிஎஸ்ஸில் இருந்ததால் அசையவில்லை. நடுவில் இருந்து எல்லாவற்றையும் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் மட்டும் யூபிஎஸ்ஸில் இல்லை. அது அணைந்து மறுபடி எழ ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடத்தில் இரண்டாவது சர்வர், முதலாவது போய்விட்டது என்று எண்ணிப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. முதலாவதோ உயிரோடுதான் இருந்தது. சுவிட்ச் எழுந்ததும் தராசுகளும் ஒரு டேப்லெட்டும் பழையதிடம் போய்விட்டன, இன்னொரு டேப்லெட் புதியதிடம். 11 நிமிடம் கழித்துத்தான் நான் கவனித்தேன். அதற்குள் 37 சீட்டு போய்விட்டது. இரண்டுமே 1183-லிருந்து எண் போட்டிருக்கின்றன. சேர்த்தபோது ஒரே எண்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, ஒரு நாட்டுப்படகுப் பெரியவரின் 18 கிலோ கணவாய் வேறொரு விசைப்படகின் கணக்கில் ஏறிவிட்டது. சாயந்திரம் அவர் சீட்டை நீட்டி, "எண் சரியாத்தானே இருக்கு தாயி" என்று கேட்டுக்கொண்டே நின்றார். எண் சரிதான், திரையில் வேறு பெயர். வியாபாரிகளின் நோட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்து நேராக்க மூன்று நாள் ஆனது.

இதற்கு முன்பே இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு தராசும் ஒரே நேரத்தில் எடை அனுப்பினால் எப்போதாவது அதை வாங்கும் புரோகிராம் உறைந்துவிடும். நிறுத்தி மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்கலாம் என்றால் வருவதில்லை.

மெஷின் விற்கும் ஒருவர், "ரெண்டு பிராசஸர் உள்ள பெரிய சர்வர் ஒன்று வாங்குங்கள், ஒன்று போனாலும் மற்றது ஓடும்" என்கிறார். அது உண்மையா? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் கையில் இருக்கிறது. அதற்குள் எதைச் செய்தால் இது மறுபடி நடக்காது?

வடக்குமாசி வீதி, மதுரை (மார்ச் 29)

முதலில் அந்தப் பெரிய சர்வரை வாங்காதீர்கள். சாதாரணமாக விற்கும் இரட்டை சாக்கெட் சர்வரில் இரண்டாவது பிராசஸர் இருப்பது வேகத்துக்கு, பாதுகாப்புக்கு இல்லை. இரண்டும் ஒரே ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கீழ், ஒரே மெமரியைப் பங்கு போட்டு ஓடுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று பழுதானால் அநேகமாக மெஷினே மொத்தமாக விழும். அதன் பக்கம் மாட்டியிருக்கும் மெமரியும் அதோடு போய்விடும் அல்லவா? மறுபடி பூட் செய்தால் மிச்சமிருப்பதோடு எழலாம், அவ்வளவுதான். பிராசஸர் போனாலும் நிற்காத மெஷின்கள் உண்டு. ஆனால் அவை தனி இனம், தனி விலை.

சுவிட்சை இன்றைக்கே யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். மெமரி வாங்கும்போது ஈசிசி என்ற பிழைதிருத்தும் வசதி உள்ளதாகப் பாருங்கள். ஒரு பிட் புரண்டால் அதுவே திருத்திவிடும், இரண்டு பிட் புரண்டால் திருத்தாது, ஆனால் கண்டுபிடித்துச் சொல்லும். அது இல்லாத மெஷினில் 18 கிலோ 50 கிலோவாக மாறினாலும் யாருக்கும் தெரியாது.

கீழக்கரை வடக்குத் தெரு (மார்ச் 30)

மகளே, உன் கேள்வியைப் படித்ததும் பழைய நாள்கள் எல்லாம் திரும்பி வந்தன. வளைகுடாவில் ஒரு வங்கியின் அட்டை மையத்தில் பத்தொன்பது வருசம் நான்ஸ்டாப் என்ற, நிற்காமல் ஓடும் மெஷின் பார்த்தேன். ஏடிஎம்மில் யார் அட்டை போட்டாலும் எங்கள் மெஷினைத் தாண்டித்தான் பணம் வரும். ஊர் திரும்பி இப்போது சும்மாதான் இருக்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

1974-ல் ஜேம்ஸ் டிரைபிக் என்பவர் கலிபோர்னியாவில் அந்த மெஷினைச் செய்த டேண்டம் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1976-ல் முதல் மெஷின் வந்தது. இரண்டிலிருந்து பதினாறு பிராசஸர் வரை மாட்டலாம். முக்கியமானது எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு பிராசஸருக்கும் தன் மெமரி, தன் பவர் சப்ளை, தன் ஆபரேட்டிங் சிஸ்டம். ஒன்றுக்கொன்று எதையும் பங்கு போடாது, செய்தி அனுப்பித்தான் பேசிக்கொள்ளும். அந்தச் செய்தி போக இரண்டு தனித்தனி பஸ், அதாவது மெஷினுக்குள் தகவல் போகும் கம்பிப் பாதை. டிஸ்க்கை இயக்கும் கண்ட்ரோலர் ஒவ்வொன்றும் இரண்டு பிராசஸரோடு இணைந்திருக்கும், டிஸ்க்கும் ஜோடி ஜோடியாக. முதல் முறை இரவு இரண்டு மணிக்கு, என் மேலதிகாரி பக்கத்தில் நின்று "இழு" என்று சொல்ல, ஓடிக்கொண்டிருந்த மெஷினிலிருந்து ஒரு பிராசஸர் போர்டை என் கையால் உருவினேன். கை நடுங்கியது. கன்சோலில் ஒரு வரி வந்தது, அந்த பிராசஸர் இல்லை என்று. பக்கத்துத் திரையில் ஏடிஎம் கணக்குகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை.

அது எப்படி முடிந்தது என்பதில்தான் உனக்கு வேண்டியது இருக்கிறது. பிராசஸர் பதினாறு இருந்ததால் இல்லை, பிராசஸ் ஜோடியாக இருந்ததால். பிராசஸ் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம். முக்கியமான பிராசஸ் ஒவ்வொன்றும் ஒரு பிராசஸரில் வேலை செய்யும், அதன் துணை இன்னொரு பிராசஸரில் உட்கார்ந்திருக்கும். துணை அதே வேலையைத் திரும்பச் செய்யாது. முதன்மை ஒவ்வொரு கட்டத்தையும் முடிக்கும்போது "இதுவரை வந்தாயிற்று" என்று அதற்கு ஒரு செய்தி அனுப்பும். அதற்குச் செக்பாயிண்ட் என்று பெயர். முதன்மை விழுந்தால் துணை கடைசியாகக் கேட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும்.

உங்கள் படகில் இது புதிது இல்லை. டிரைவருக்கு நடுக்கடலில் மயக்கம் வந்தால், சுக்கான் பிடிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் படகில் இருந்தால் மட்டும் போதுமா? வலையை எங்கே விட்டோம் என்ற மார்க் அவனுக்குத் தெரிய வேண்டும். வலை இறக்கும்போதெல்லாம் டிரைவர் அவனிடமும் சொல்லி வைத்தால்தான் வலையும் மீனும் கரைக்கு வரும். அப்படிச் சொல்லாத டிரைவரோடு போனால், பின்னால் உட்கார்ந்திருப்பவன் துணை இல்லை, பயணிதான்.

இதற்கு நேர் எதிரான வழியில் போனவர்களும் உண்டு. 1980-ல் தொடங்கிய ஸ்ட்ராட்டஸ் கம்பெனி பிராசஸரையே இரட்டித்தது. ஒரு போர்டில் இரண்டு பிராசஸர் ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் செய்யும், விடைகளை ஒப்பிடும். விடை வேறுபட்டால் அந்த போர்டு தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும். அதேபோன்ற இன்னொரு போர்டு கூடவே ஓடிக்கொண்டிருப்பதால் வேலை நிற்காது. அழகான ஏற்பாடு, புரோகிராம் எழுதுபவன் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சிப் பழுதுக்கு அதைவிடச் சுத்தமான வழி இல்லை என்றே சொல்வேன். ஆனால் புரோகிராமிலேயே கோளாறு இருந்தால்? நாலு பிராசஸரும் ஒரே விநாடியில் ஒரே குழியில் விழும்.

உன் எடை வாங்கும் புரோகிராம் உறைகிறதே, அது சிப் கோளாறு இல்லை. டேண்டத்தில் வேலை பார்த்த ஜிம் கிரே 1985-ல் ஓர் அறிக்கை எழுதினார். அவர்கள் மெஷின்கள் எதனால் நின்றன என்று கணக்கெடுத்தார். ஆட்கள் நிர்வகிப்பதில் வந்த தவறு 42 சதவீதம், மென்பொருள் 25, வன்பொருள் 18 சதவீதம்தான். வன்பொருளை அவ்வளவு பாதுகாத்த பிறகு மிஞ்சுவது மனிதனும் புரோகிராமும். அதே அறிக்கையில் இன்னொன்றும் சொல்கிறார். 132 மென்பொருள் கோளாறுகளைப் பார்த்ததில் ஒன்றே ஒன்றுதான் திரும்ப ஓட்டினாலும் அதே இடத்தில் வந்தது. மற்றவை எல்லாம் உன்னுடையதைப்போல, தேடினால் ஒளிந்துகொள்ளும் இனம். நேரம் சற்று முன்பின் ஆனால் வராது. பிராசஸ் ஜோடி மென்பொருள் கோளாறையும் தாங்கியதற்குக் காரணம் அதுதான். துணை வேறொரு பிராசஸரில், வேறொரு கணத்தில், சுத்தமான நிலையிலிருந்து தொடங்குவதால் அந்தக் குழி அங்கே இருப்பதில்லை.

ஜிம் கிரே 2007 ஜனவரியில் தன் தாயின் அஸ்தியைக் கடலில் கரைக்க சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தன் பாய்மரப் படகில் தனியாகப் போனார். திரும்பி வரவில்லை. எவ்வளவோ தேடியும் படகின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ராமேசுவரத்துக்கு அஸ்தியோடு வந்து இறங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும். நான் அவரைப் பார்த்ததே இல்லை, ஆனால் பத்தொன்பது வருசம் அவர் சிந்தித்ததை வைத்துத்தான் சம்பளம் வாங்கினேன்.

சரி, உன் விஷயம். எங்கள் மெஷினில் ஒவ்வொரு பிராசஸரும் விநாடிக்கு ஒரு முறை மற்ற எல்லாவற்றுக்கும் "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்லும். வராவிட்டால் செத்ததாக எடுத்துக்கொள்ளும். நீ எழுதிய ஸ்கிரிப்டும் அதையேதான் செய்கிறது. வித்தியாசம், எங்களுக்கு வழி இரண்டு. ஒரு கம்பி அறுந்ததும் ஆள் செத்ததும் ஒன்றாகத் தெரியக்கூடாது என்றுதான் பஸ் இரண்டு வைத்தார்கள். வயர்லெஸ்ஸில் பதில் இல்லை என்றால் படகு மூழ்கிவிட்டது என்று கரையில் இருப்பவர்கள் முடிவு கட்டுவார்களா? பேட்டரி இறங்கியிருக்கலாம். பக்கத்தில் தொழில் செய்த இன்னொரு படகைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். உனக்கும் அந்த மூன்றாவது படகு வேண்டும்.

ஆகவே இரண்டு சர்வருக்கும் நடுவே சுவிட்சைத் தொடாத ஒரு தனிக் கேபிள் போடு. மூன்றாவதாக ஒரு சின்ன மெஷின், ராஸ்பெர்ரி பை அளவு போதும், தன் பேட்டரியோடு, சாட்சிக்கு மட்டும். மூன்றில் இரண்டு பேர் சேர்ந்த பக்கம்தான் சீட்டு போடலாம். தனியாக நிற்பது, தான் நன்றாக இருந்தாலும், எழுதுவதை நிறுத்திவிட வேண்டும். இந்த நிறுத்துவது முக்கியம் மகளே. அன்று உன் முதல் சர்வர் நிறுத்தியிருந்தால் அந்தப் பெரியவர் அப்படி நின்றிருக்க மாட்டார்.

அப்புறம் சீட்டு எண். அதை சர்வர் போடக்கூடாது. கேட்கிற இடத்தில், டேப்லெட்டிலேயே, எண் பிறக்க வேண்டும். எங்கள் மெஷினில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கேட்கிறவனே வரிசை எண் போட்டு அனுப்புவான். நடுவில் முதன்மை விழுந்து, அதே எண்ணோடு துணையிடம் மறுபடி வந்தால், துணை வேலையை இரண்டாம் முறை செய்யாது. முன்பு சொன்ன விடையையே திருப்பிக் கொடுக்கும். இது இல்லாவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு முறை பணம் எடுத்ததாகிவிடும்.

ஓஎம்ஆர் இரவுப்பணி (மார்ச் 31)

பெரியவர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒன்றில் மட்டும் கருத்து வேறு. எடை வாங்கும் புரோகிராமுக்குத் துணை பிராசஸ், செக்பாயிண்ட் எல்லாம் தேவையில்லை. எர்லாங் மொழிக்காரர்கள் செய்வதைப் பாருங்கள். எரிக்சன் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் கூட இருந்தவர்களும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக 1986 வாக்கில் தொடங்கியது அது. ஒவ்வொரு தராசுக்கும் ஒரு தனிச் சின்ன பிராசஸ். மேலே ஒரு மேற்பார்வை பிராசஸ், அதற்கு வேறு வேலையே கிடையாது. கீழே ஒன்று விழுந்தால் புதிதாக எழுப்பும், அவ்வளவுதான். கோளாறோடு போராடிக்கொண்டே ஓடுவதைவிட விழுந்துவிட்டுச் சுத்தமாக எழுவது மேல். நீங்கள் மொழியை மாற்ற வேண்டாம். லினக்ஸில் புரோகிராம்களை எழுப்பிக் கவனிக்கும் சிஸ்டம்டியே இதைச் செய்யும். புரோகிராம் சில விநாடிக்கு ஒரு முறை அதற்குத் தட்டிச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கொன்று மறுபடி எழுப்பும்படி வாட்ச்டாக் வைக்கலாம்.

கீழக்கரை வடக்குத் தெரு (மார்ச் 31)

தம்பி சொல்வது சரி, எடைக்கு அது போதும். கூடை தராசிலேயே இருக்கிறது, எடை தொலைந்தால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். ஏலம் படிந்த விலை அப்படி இல்லை. அது ஒரு முறை வாயால் சொன்னது, கூட்டம் நகர்ந்துவிட்டால் திரும்பக் கேட்க முடியாது. எதை இழந்தால் மறுபடி கேட்டு வாங்க முடியாதோ அதற்குத்தான் செக்பாயிண்ட்.

வடக்குமாசி வீதி, மதுரை (மார்ச் 31)

விலையைப் பற்றி ஒன்று. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்தான் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் நகல் தானாக ஒத்திசைவில் இருப்பதில்லை. முதல் மெஷின் எழுதி "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் இரண்டாவதுக்குப் போய்ச் சேரும். நடுவில் விழுந்தால் கடைசி ஒன்றிரண்டு சீட்டு இரண்டாவதில் இருக்காது. இரண்டும் எழுதிய பிறகே "ஆச்சு" சொல்லும்படி வைக்கலாம். ஆனால் அப்படி வைத்தால் இரண்டாவது மெஷின் விழுந்த அன்று முதலாவதும் காத்துக்கொண்டே நிற்கும், ஏலம் நிற்கும். ஆகவே சாட்சி மெஷின் ஒத்துக்கொண்டால் மட்டும் தனியாக எழுதலாம் என்று விதி வையுங்கள். அப்படித் தனியாக ஓடிய நேரத்தைத் திரையில் சிவப்பில் காட்டுங்கள். சத்தமில்லாமல் ஒற்றைக்காலில் ஓடுவதுதான் ஆபத்து.

மண்டபம் வயர்மேன் (ஏப்ரல் 2)

கம்ப்யூட்டர் எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் பாம்பன் காற்று தெரியும். ரெண்டு மெஷினையும் ஒரே அறையில், ஒரே ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறீர்களா தங்கச்சி? அப்படியானால் ரெண்டுக்கும் ஒரே நாளில்தான் களிம்பு பிடிக்கும். மெமரியைக் கழற்றி விளிம்பில் பாருங்கள், பச்சையாக இருக்கும். ஒன்றை மாடிக்கு, கடலுக்கு முதுகு காட்டும் அறைக்கு மாற்றுங்கள். அதற்கு வேறு பேஸில் இருந்து லைன் இழுங்கள். ரெண்டு யூபிஎஸ்ஸும் ஒரே பிளக்கில் மாட்டியிருப்பதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன்.

தெற்குவாடிக் கணக்கு, பாம்பன் (ஜூன் 11)

எல்லோருக்கும் நன்றி. சொன்னதை எல்லாம் செய்து முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

வயர்மேன் அண்ணன் சொன்னதை முதலில் பார்த்தேன். யூபிஎஸ் இரண்டும் ஒரே பிளக்கில்தான் இருந்தன. மெமரி விளிம்பும் பச்சைதான். இப்போது ஒரு சர்வர் மாடியில். சாட்சி மெஷின் கூட்டுறவு டீக்கடை சுவரை ஒட்டிய அறையில், தனி பேட்டரியில். சீட்டு எண் இப்போது டேப்லெட்டின் எழுத்து, தேதி, வரிசை என்று பிறக்கிறது. 'அ' டேப்லெட்டும் 'ஆ' டேப்லெட்டும் என்ன செய்தாலும் ஒரே எண்ணைப் போட முடியாது.

நேற்று ஏலக்கூடம் காலி. மீனுக்குப் பதில் மணல் மூட்டை வைத்துப் பொய் ஏலம் நடத்தினோம். நடுவில் முதல் சர்வரின் இரண்டு கேபிளையும் நானே உருவினேன். அய்யா எழுதியதைப்போலவே கை நடுங்கியது. முதலாவது தான் தனியாக நிற்பதைப் பார்த்து எழுதுவதை நிறுத்திவிட்டது. மாடியில் இருந்தது 14 விநாடியில் பொறுப்பெடுத்தது. அந்த நேரம் பார்த்து அனுப்பிய 'ஆ' டேப்லெட்டின் 47-ஆம் சீட்டு, பதில் வராமல் மறுபடி அதே எண்ணோடு போனது. கணக்கில் ஒன்றே ஒன்றுதான் ஏறியிருந்தது. எடை புரோகிராமை நாலைந்து முறை கொன்று பார்த்தோம், ஒவ்வொரு முறையும் தானே எழுந்தது.

ஒன்றுதான் இடிக்கிறது. கணக்கில் ஒரு சீட்டு, ஆனால் பிரிண்டரில் அந்த 47 இரண்டு முறை அச்சாகிவிட்டது. முதல் சர்வர் அச்சுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பினேன் என்று சொல்வதற்குள் கேபிள் போயிருக்கிறது. இரண்டு தாளும் ஒரேபோல இருக்கின்றன. இதை எப்படித் தடுப்பது, அய்யா?

கீழக்கரை வடக்குத் தெரு (ஜூன் 11)

முழுதாகத் தடுக்க முடியாது. டேட்டாபேஸில் எழுதியதைத் திரும்பப் பெறலாம், தாளில் விழுந்த மையைத் திரும்பப் பெற முடியாது. ஏடிஎம்மில் எங்களுக்கும் இதே தலைவலி. பணம் வெளியே நீட்டிவிட்டதா இல்லையா என்று தெரியாமல் கம்பி அறுந்தால், மறுபடி நீட்டச் சொல்லக்கூடாது. முதலில் ஏடிஎம்மிடமே, கடைசியாக நீ முடித்தது எது என்று கேட்க வேண்டும். உன் பிரிண்டர் அவ்வளவு பேசாது. ஆகவே பொறுப்பு கைமாறியதற்குப் பிறகு துணை மறுபடி அச்சடிக்கும் எதிலும் "மறுபிரதி" என்று பெரிதாக விழும்படி செய். பட்டுவாடா செய்யும்போது சீட்டு எண்ணை ஸ்கேன் செய்து, ஒரு முறை பணம் போன எண்ணுக்கு மறுபடி போகாமல் பார்த்துக்கொள்.

தெற்குவாடிக் கணக்கு, பாம்பன் (ஜூன் 13)

செய்துவிட்டேன் அய்யா. இன்று மறுபடி கேபிளை உருவிப் பார்த்தோம். இரண்டாவது தாளில் "மறுபிரதி" கறுப்புப் பட்டையில் விழுகிறது. பட்டுவாடா மேசையில் இரண்டு தாளையும் அடுத்தடுத்து ஸ்கேன் செய்தேன். முதல் தாளுக்குப் பச்சை, இரண்டாவதுக்கு "பணம் கொடுத்தாயிற்று" என்று நேரத்தோடு வருகிறது. நாளைக்கு ஐஸ் ஏற்றுகிறார்கள்.